பேறுகாலச் செலவை ஏற்போர் யார்? இலங்கையின் மகப்பேற்று நன்மைச் சட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களிலே கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மார் தம் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் பிள்ளைக்காம்பரா என்று பெயர். சில தோட்டங்களிலே பிள்ளைமடுவம் என்றும் அது வழங்கும். காம்பரா என்பது போர்த்துக்கேய மொழி வழியாக வந்த சொல்; அறை என்பது அதன் பொருள். லயத்திலே ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த ஒற்றை அறைக்கும் அச்சொல்லே பெயராயிற்று. மடுவமோ கொழுந்து நிறுக்கும் இடத்தையும் மாடு கட்டும் இடத்தையும் குறிக்கும் சொல். பள்ளி என்றோ இல்லம் என்றோ பெயர்பெறாது, தோட்டத்தின் ஏனைய கொட்டில்களோடு ஒன்றாகவே குழந்தைகளைப் பேணும் இடமும் எண்ணப்பட்டமை அப்பெயர்களினாலேயே புலனாகும்.

இலங்கையின் தொழிலாளர் வரலாறு பற்றி எழுந்த நூல்கள் பலவும் வேலைநிறுத்தங்கள், தொழிற்சங்கப் பிளவுகள், குடியுரிமைப் பிரச்சினை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. தொழிலாளியான பெண் பிள்ளை பெறும்போது அவளது உணவுக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு என்ற வினா பெரும்பாலும் சட்டநூல்களின் பின்னிணைப்புகளோடு நின்றுவிட்டது. தொழிலாளர் விடுப்பின் வரலாற்றை நாட்களின் எண்ணிக்கையைக் கொண்டு எழுதுவது வழக்கம். ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாயிற்று, மூன்றாம் பிள்ளைக்கும் அதே விடுப்பு வந்தது என்று கணக்கிட்டுச் செல்லும்போது வளர்ச்சி தெளிவாகத் தெரியும். ஆயின் அந்நாட்களுக்கான செலவை யார் ஏற்றார் என்று கேட்கும்போது வேறொரு வரலாறு வெளிப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்தே எழுதப்படுகின்றது.

கோப்பிக் காலத்திலே இவ்வினா பெரிதாக எழவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் சில மாதங்களே. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் அவர்களிற் பலர் ஊர் திரும்பினர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவியபோது நிலைமை அடியோடு மாறியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டார் என்பது பாடநூல்களிலும் இடம்பெறும் செய்தி. ஆயின் தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்விடுவது. ஒரு வாரம் கொழுந்து எடுக்காது விட்டால் இலை முற்றிவிடும் என்பதன் சமூகவியற் பொருள் அந்த அளவுக்கு உணரப்படவில்லை. ஆண்டு முழுவதும் வேலையெனின் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கியிருக்கும் ஆட்கள் தேவை. குடும்பமாக வந்து தங்கினாலன்றி அது கைகூடாது. கொழுந்தெடுப்போருட் பெரும்பான்மையினர் பெண்களாயினர். பிள்ளை பெறுபவளே உற்பத்தியின் முதன்மையான உழைப்பாளியாகவும் அமைந்துவிட்டாள். அவள் பெறும் பிள்ளையோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே தோட்டத்தின் பிரட்டுக்களத்திலே நிற்கவேண்டிய கையாள். இதனால், ஏனைய கைத்தொழில்களில் முதலாளி பாராமுகமாக இருக்கக்கூடிய பேறுகாலத்தைத் தோட்டத்துரை பாராமலிருக்க இயலவில்லை.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். தோட்டத்திலே வசிக்கும் தொழிலாளியான பெண் பிள்ளை பெற்றால் அதன்பின் ஒரு மாதத்துக்கு அவளுக்குப் போதிய உணவும் உறைவிடமும் அளிப்பதும், மருத்துவர் தகுதியுள்ளவள் எனச் சான்றளித்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழையாதிருப்பதும் தோட்ட நிருவாகியின் கடமையென அச்சட்டம் விதித்தது. அதில் கூலி பற்றிய பேச்சு இல்லை. உணவும் தங்குமிடமும் கொடுத்துப் பேணும் முறை உழைப்புச் சக்தி தேய்ந்துபோகாமற் காக்கும் முறையே. உரிமையுடைய ஒருத்திக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கும் முறை அன்று.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியமாகின்றது. இதற்கு ஓராண்டு முன்னர், 1911இல், இலங்கையை ஆண்ட அதே பிரித்தானியா தன் நாட்டிலே தேசியக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. தொழிலாளி நான்கு பென்சும் முதலாளி மூன்று பென்சும் அரசு இரண்டு பென்சும் வாரந்தோறும் செலுத்தும் ஒரு பொது நிதியிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு முப்பது ஷில்லிங் வழங்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 1883இல், ஜேர்மனியின் நோய்க் காப்புறுதிச் சட்டம் காப்புறுதி பெற்ற பெண் தொழிலாளருக்குப் பிரசவத்துக்குப் பின் மூன்று வாரம் பணம் கிடைக்க வழிசெய்திருந்தது. பிஸ்மார்க் தொழிலாளர்மீது கொண்ட அன்பினால் இதனைச் செய்தார் என்று எவரும் கருதார். சமூக ஜனநாயகவாதிகளின் செல்வாக்கைத் தடுப்பதே அவரது நோக்கம். ஆயினும் செலவைப் பலர் தோளிலும் பரப்பும் நெறி அங்கே நிலைபெற்றது. ஐரோப்பியத் தொழிலாளிக்குக் காப்புறுதியும் கொலனியின் தொழிலாளிக்குத் தோட்டத்துரையின் பராமரிப்பும் என்ற பாகுபாடு அறியாமையால் நேர்ந்ததன்று. ஒரே அரசு, ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு வேறு மக்களுக்கு இரு வேறு நெறிகளைத் தேர்ந்தது.

முதலாம் உலகப் போரின் பின்னர் வாஷிங்டனிலே 1919இல் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்புப் பற்றிய சமவாயத்தை ஏற்றது. அதன் விதிகளுள் நமது வினாவுக்கு நேரடியாக விடைகூறுவது ஒன்று: பெண் வேலையிலிருந்து விலகியிருக்கும் காலத்துக்கான பணம் பொது நிதியிலிருந்தோ காப்புறுதி முறையிலிருந்தோ வரவேண்டும். தனி முதலாளி என்ற பேச்சே அதில் இல்லை. காரணம் எளியது. தன் பையிலிருந்து கொடுக்கவேண்டிய முதலாளி, பிள்ளை பெறும் வயதுடைய பெண்ணை வேலைக்குச் சேர்க்கவே தயங்குவான். ஆயின் அச்சமவாயம் கைத்தொழிலுக்கும் வாணிகத்துக்குமே உரியது. விவசாயத் தொழிலாளருக்கு 1921இல் ஒரு விதந்துரை மட்டுமே கிடைத்தது. பிரித்தானியாவோ 1919ஆம் ஆண்டுச் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்யவேயில்லை. உலகச் சட்டத்தின் முதல் வரைவிலே தேயிலைத் தோட்டத்துப் பெண் இடம்பெறவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் இத்துறையின் அடிப்படைச் சட்டம். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையுடன் தெரிவான அரசாங்க சபையின் காலம் அது. தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஜி. சி. எஸ். கொரெயா. அயலிலே பம்பாய் மாகாணம் 1929இல் இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. உள்நாட்டிலோ தோட்டத் தொழிலாளர் அமைப்புகள் வேகமாகத் தோன்றிய காலம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும் அதே 1939இலே. சில மாதங்களின் பின், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். போராட்டம் சட்டத்தை ஈன்றது என்று நேர்க்கோடு போடுவது எளிது. அதற்குப் போதிய சான்றை யாம் கண்டிலேம். ஆயினும் ஆட்சியாளர் தொழிலாளரை எண்ணிப் பார்க்கவேண்டிய காலம் அதுவென்பதில் ஐயமில்லை.

பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் நான்கு வாரம் என ஆறு வாரத்துக்கு அச்சட்டம் பணவுரிமை தந்தது. கருணையாக இருந்தது உரிமையாயிற்று; கூலியின் பெயரால் பணம் கிடைத்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆயின் செலவு முழுவதும் அவளை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியைச் சார்ந்தது. பொது நிதி இல்லை, காப்புறுதி இல்லை, அரசின் பங்கு ஒரு சதமும் இல்லை. தோட்டங்களுக்கு மட்டும் ஒரு மாற்று வழியும் சட்டத்தில் இடம்பெற்றது. பிள்ளைப்பேற்று விடுதியும் உணவும் தோட்டமே அளித்தால், காசாகக் கொடுக்கவேண்டிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். 1912ஆம் ஆண்டின் பழைய பராமரிப்பு முறை புதிய சட்டத்தின் உள்ளே ஒரு மூலையிற் குடியிருந்தது எனலாம்.

தனி முதலாளி செலவை ஏற்கும் முறையினால் பெண்களுக்கு வேலை குறையும் என்ற அச்சம் ஆலைத் தொழில்களுக்குப் பொருந்தும். பம்பாய்த் துணியாலைகளிலே 1930களில் பெண்களின் பங்கு குறையத் தொடங்கியமைக்கு ஆட்குறைப்பும் புதிய இயந்திர ஒழுங்குகளும் ஒரு காரணம். பெண்களைக் காக்க வந்த சட்டங்களே இன்னொரு காரணம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். தேயிலைத் தோட்டத்திலோ அவ்வாறு நிகழவில்லை. பெண்ணை விலக்கினால் கொழுந்தெடுக்க ஆளில்லை. அப்படியாயின் தோட்ட முதலாளி அச்செலவை மனமுவந்து ஏற்றானா?

இதற்கு விடை கூலி விகிதங்களில் உள்ளது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என அமைந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு 11 சதம். ஒரு பெண் ஆண்டில் 250 நாட்கள் வேலை செய்தாள் எனக் கொள்வோம். அவள் ஆணின் கூலியிலும் குறைவாகப் பெற்ற தொகை ஓராண்டில் 27 ரூபா 50 சதம். ஆறு வார விடுப்புக்கு, வாரத்துக்கு ஆறு நாளாக 36 நாட்களுக்கு, அவளது முழுக் கூலியையே கொடுத்தாலும் 15 ரூபா 48 சதந்தான் ஆகும். பெண் ஆண்டுதோறும் பிள்ளை பெறுவதுமில்லை. கூலிக் குறைப்போ ஆண்டுதோறும் உண்டு. பொருளாதார மந்தத்தின்போது கூலிகள் குறைக்கப்பட்டன, பின்னர் ஏறின. ஆதலால் இவ்வெண்களை 1939க்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆனால் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்து வந்தது. முதலாளி தலையிற் சட்டம் சுமத்திய செலவைத் தொழிலாளியான பெண்ணே தன் கூலிக் குறைவின் மூலம் முன்கூட்டியே செலுத்தி வந்தாள் என்பதே இக்கணக்கின் பொருள். அவள் செலுத்திய காப்புறுதிக் கட்டணத்துக்கு இரசீது மட்டும் கிடைக்கவில்லை.

ஆண்கள் கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல் முதலான கடினமான வேலைகளைச் செய்தனர், ஆதலால் வேறுபாடு நியாயமானதே என்று தோட்டச் சொந்தக்காரர் வாதிடுவதுண்டு. ஆண்களின் வேலை பெரும்பாலும் அளந்து கொடுக்கப்படுவது. முடிந்தால் பிற்பகலுக்கு முன்னரே லயத்துக்குத் திரும்பலாம். பெண் மாலைக் கொழுந்து நிறுக்கும்வரை மலையிலே நின்றாள். திரும்பியபின் சமையலும் விறகும் தண்ணீரும் அவளுக்கே. வேலை நேரத்தைக் கொண்டு பார்த்தால் குறைந்த கூலி பெற்றவளே கூடிய நேரம் உழைத்தவள். சம சம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. 1939இலிருந்து எண்ணினால் நாற்பத்தைந்து ஆண்டுகள்.

பிள்ளைக்காம்பராவையும் இக்கண்கொண்டே நோக்க வேண்டும். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் மலைவேலைக்கு இயலாத ஒரு மூதாட்டி. கூரையில் வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள், ஒரு பால் வாளி, சில வேளைகளில் ஒரு நேரக் கஞ்சி என்பவற்றோடு அவளது பணி நடந்தது. பிரட்டுக் கொம்பு ஊதும் வேளையில் அது திறக்கும். மாலை நிறுவை முடிந்ததும் மூடும். குழந்தையின் தேவையையோ வயதையோ கொண்டு அதன் நேரம் வகுக்கப்படவில்லை. தாயை ஓரிரு வேளை மட்டும் மலையிலிருந்து இறங்க விட்டு, மீதி நேரம் அவளது இரு கைகளையும் செடிக்கே உரியனவாக்கும் ஏற்பாடு அது. ஆயினும், நகரத்து ஆலைத் தொழிலாளிக்கும் கிராமத்து வயற் கூலியாளுக்கும் இதுகூட இருந்ததில்லை என்பதையும் கூறவேண்டும். குழந்தைப் பராமரிப்பு நிலையம் என்ற ஒன்றை இந்நாட்டிலே பரவலாக முதலில் அறிந்தவர்கள் மிகவும் ஒடுக்கப்பட்ட தொழிலாளரே. முற்போக்கான ஏற்பாடு ஒன்று பிற்போக்கான உற்பத்தி உறவுகளின் தேவையால் தோன்றியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இம்முரண் குடியுரிமை விடயத்திலே இன்னும் கூர்மையடைகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்காளர் சட்டத் திருத்தமும் மலையக மக்களுட் பெரும்பான்மையினரை நாடற்றவராக, வாக்கற்றவராக ஆக்கின. மகப்பேற்று நன்மைச் சட்டமோ குடியுரிமை பற்றி ஒரு வினாவும் எழுப்பாது அவர்களுக்குத் தொடர்ந்து பொருந்திற்று. தாராள மனப்பான்மையினால் அன்று. செலவு அரசினுடையதன்று என்பதனாலேயே. பொது நிதியிலிருந்து பணம் போயிருந்தால் நாடாளுமன்றத்திலே எத்தகைய குரல்கள் எழுந்திருக்கும் என்பதை அக்காலத்து அரசியலை அறிந்தோர் எளிதில் ஊகிக்கலாம். தனி முதலாளி பொறுப்பு என்ற குறைபாடு ஒருவகையில் அம்மக்களுக்கு அரணாகவும் அமைந்தது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த பெண்களை உள்ளடக்கின. அரசாங்க ஊழியர் தம் நிருவாக விதிகளின்கீழ் வேறாக நின்றனர். இவ்வாறு ஒரே நாட்டிலே மூவகைத் தாய்மார் உருவாயினர். அரச சேவைக்கு 2005ஆம் ஆண்டின் சுற்றறிக்கை முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்களையும், அதற்குமேல் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களையும், சம்பளமின்றி மேலும் 84 நாட்களையும் வழங்கியது. தோட்டத்துப் பெண்ணுக்கோ 1985ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பன்னிரண்டு வாரம். ஞாயிறும் விடுமுறையும் அதற்குள்ளே அடக்கம். அதுவும் முதலிரு பிள்ளைகளுக்கே. மூன்றாம் பிள்ளை பெற்றவள் 1939ஆம் ஆண்டின் ஆறு வாரத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். குடும்பக் கட்டுப்பாடு அரசின் கொள்கையாக இருந்த காலம் அது; பச்சைக் குழந்தையின் பால்குடியை அக்கொள்கையின் கருவியாக்கியமை வருந்தத்தக்கது. இப்பாகுபாடு 2018இலே 14ஆம், 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்களினாலேயே நீங்கியது.

நம்மவருள் கற்றோர் குழாம் பெரும்பாலும் ஆசிரியத் தொழிலையும் எழுதுவினைஞர் பதவியையும் சார்ந்து வளர்ந்தது. அரச ஊழியையான தாய்க்குக் கிடைத்த விடுப்பு இயல்பானதாகவே நமக்குத் தோன்றி வந்துள்ளது. அதற்கான செலவு வரிப்பணத்திலிருந்து வருவது. அவ்வரிப்பணத்திலே தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை நீண்டகாலம் பெரும்பங்கு வகித்தது. கொழுந்தெடுத்தவள் தன் ஆறு வாரத்துக்குத் தன் கூலியாலும், ஆசிரியையின் விடுப்புக்குத் தன் உழைப்பின் மிகையாலும் பங்களித்தாள் என்று கூறுதல் மிகையாகாது.

வேறொரு நெறி இயலாதது அன்று. சுவீடன் 1974இலே தாய்மைக் காப்புறுதியை நீக்கிப் பெற்றோர் காப்புறுதியைக் கொண்டுவந்தது. தாயோ தந்தையோ எவரேனும் எடுக்கக்கூடிய 180 நாட்களுக்குச் சம்பளத்தின் 90 வீதம் வழங்கப்பட்டது. அங்கே முதலாளிமார் தம் ஊழியர் அனைவரின் சம்பளத்தின்மீதும், ஆணென்றும் பெண்ணென்றும் பாராது, ஒரே வீதத்திற் சமூகக் காப்புறுதிக் கட்டணம் செலுத்துவர். பெண்களையே வேலைக்கு வைத்திருப்பவனும் ஆண்களையே வைத்திருப்பவனும் ஒரே சுமையைத் தாங்குவதால் பெண்ணை விலக்குவதில் இலாபமில்லை. அந்நாட்டையும் பொன்னுலகமாகக் காட்டவேண்டியதில்லை. 1960களில் அங்கு நிலவிய ஆட்பற்றாக்குறையே மணமான பெண்களை வேலைக்கு அழைத்தது. முதலாண்டிலே தந்தையர் எடுத்த நாட்கள் நூற்றுக்கு ஒன்றும் இல்லை. 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கே உரியதாக ஒதுக்கிய பின்னரே அந்நிலை மாறத் தொடங்கிற்று. இலங்கையில் அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாள் விடுப்பு உண்டு. தனியார்துறைத் தந்தையைப் பற்றி 2018ஆம் ஆண்டின் திருத்தங்களும் வாய் திறக்கவில்லை.

சர்வதேசத் தொழில் தாபனம் 1952இலே மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயத்தைத் திருத்தியமைத்தபோது பெருந்தோட்டத் தொழிலையும் அதனுட் சேர்த்தது. தான் வேலைக்கு வைத்துள்ள பெண்களுக்கான செலவுக்குத் தனி முதலாளி எக்காரணம் கொண்டும் தானே பொறுப்பாளி ஆகக்கூடாது என்றும் அதில் வெளிப்படையாக எழுதிவைத்தது. அச்சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்று உறுதிசெய்தது. தோட்டங்களின் நிருவாகம் பிரதேசக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு அப்பொழுது ஓராண்டே ஆகியிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயிருந்த காலத்திலே முதலாளியும் அரசும் ஒன்றாகவே இருந்தமையால், செலவைப் பொது நிதிக்கு மாற்றுவதற்கு அதனிலும் வாய்ப்பான காலம் வந்ததில்லை. அக்காலத்தில் அது செய்யப்படவில்லை. கையொப்பமிட்ட பின்னரும் செய்யப்படவில்லை. விடுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்த 2018ஆம் ஆண்டுத் திருத்தமும் செலவை முதலாளியிடமே விட்டது.

இதற்கிடையே 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் மணமாகாத இளம்பெண்களையே பெரிதும் நாடிற்று. பிள்ளை பெறும் காலம் வந்ததும் ஊருக்குத் திரும்பிவிடும் தொழிலாளர் படையொன்றுக்கு விடுப்புச் செலவும் குறைவு, பிள்ளைக்காம்பராவும் வேண்டியதில்லை. வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ வேறு வகையான ஒழுங்கு. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுடைய தாய் செல்லக்கூடாது என்று விதிக்கப்பட்டது. அவ்வயதெல்லை 2022இல் தளர்த்தப்பட்டது. பிள்ளையைப் பேணுவதற்கு ஒரு சதமும் ஒதுக்காத அரசு, பேணாமைக்குத் தண்டனையாக வேலையை மறுத்தது.

தோட்டங்களிலே பிள்ளைக்காம்பராக்கள் பல இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகியுள்ளன. சுவரிற் படங்களும் பயிற்சிபெற்ற பொறுப்பாளர்களும் உள்ள நிலையங்கள் அவற்றுட் பல. ஆனால் அங்கே பிள்ளையை விட்டுச் செல்லும் தாய்மாரின் நிலை மாறி வருகின்றது. செக்ரோலிலே பெயருள்ள நிரந்தரத் தொழிலாளர் தொகை குறைந்து, கைக்காசுக்கும் குத்தகைக்கும் கொழுந்தெடுப்போர் தொகை கூடுகின்றது. முதலாளியின் பொறுப்பாக எழுதப்பட்ட உரிமைக்கு முதலில் ஒரு முதலாளி இருக்கவேண்டும். அதே மலையில் அதே கொழுந்தை எடுத்தும் செக்ரோலிற் பெயரில்லாதவள் பிள்ளை பெறும்போது, கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டிய தேவையும் இல்லை.